பழைய டைனகோ எஸ்டி-70: 230 வோல்ட் ஊரில் பாடவைப்பதும் மேம்படுத்துவதும்

கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். அமெரிக்காவிலிருந்து டைனகோ ஸ்டீரியோ 70 (சுருக்கமாக எஸ்டி-70) என்ற பழைய வால்வு ஆம்ப் ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. பல வருடமாக ஓடாதது. வீட்டில் வருவது 230 வோல்ட். ஸ்பீக்கர் 8 ஓம், 87 டெசிபல். அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. கேட்டது மூன்று: எப்படி ஓடவிடுவது, இப்போதிருப்பதைவிடப் பெரிய கேடி88 வால்வு போட்டால் சத்தம் கூடுமா, எந்தக் கண்டன்சர் போட்டால் ஒலி நன்றாகும்.

முதல் கேள்விக்குத்தான் பதில் நீளம். இந்த ஆம்பில் ‘அப்கிரேட்’ என்று சொல்லிச் செய்வதில் முக்கால்வாசி, அறுபது வருடப் பழைய பாகங்களை அவை இருக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுவருவதுதான். அதை ஒழுங்காக முடித்தால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பெரிதாக வேலை இருக்காது.

எஸ்டி-70 என்பது 1959-இல் பிலடெல்பியாவில் டேவிட் ஹாஃப்லரும் எட் லாரன்டும் கொண்டுவந்த ஆம்ப். ஒரு சேனலுக்கு 35 வாட். வால்வுகள் ஏழு: ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வு நான்கு இஎல்34, அவற்றுக்குச் சிக்னல் கொடுக்கும் டிரைவர் இரண்டு 7199, ஏசியை டிசியாக்கும் ரெக்டிபையர் வேலைக்கு ஒரு ஜீஇசட்34. அந்த நாளில் பெரும்பாலும் கிட்டாகத்தான் விற்றது. வாங்கியவரே வீட்டில் உட்கார்ந்து சால்டர் வைத்துக் கட்டியது. அதனால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. ஆகவே முதல் வேலை, பழைய மேனுவலில் உள்ள வயரிங் படத்தை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்து, கீழ்த் தகட்டைக் கழற்றி ஒவ்வொரு வயராக ஒப்பிடுவது. நடுவில் யாராவது கை வைத்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். அது வரைக்கும் பிளக்கைச் சொருக வேண்டாம்.

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். இது 117 வோல்ட்டுக்குச் செய்தது. சும்மா ஆன் செய்து வைத்திருந்தாலே சுமார் 150 வாட் இழுக்கும், வால்வுக்குள் சூடேற்றும் ஹீட்டர் கம்பிகளுக்கு மட்டுமே 50 வாட்டுக்கு மேல். 500 விஏ (வோல்ட்-ஆம்பியர், அது தாங்கும் சுமையின் அளவு) ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்று வாங்குங்கள். 200 விஏ என்று மலிவாகக் கிடைப்பவை சூடேறி உறுமும். வாங்கும்போது 230-க்கு 110 கொடுப்பதையே கேட்டு வாங்குங்கள், 120 கொடுப்பது வேண்டாம். காரணம் இரண்டு. நம்மூரில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் லைன் 245 வரை ஏறுவது சகஜம். 110 ரகத்தில் அப்போதும் 117-தான் வரும். இரண்டாவது, அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ஒரே வோல்டேஜை 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் டிரான்ஸ்பார்மர் கோரில் காந்தப் பாயம் 20 சதவீதம் கூடும். ஏற்கெனவே சூடாக ஓடுவதில் பேர்பெற்ற டிரான்ஸ்பார்மர் இது. கொஞ்சம் குறைவான வோல்டேஜ் அதற்கு நல்லது.

எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு, இஎல்34 சாக்கெட்டில் ஹீட்டருக்கான 2, 7 நம்பர் பின்களுக்கு இடையே ஏசி வோல்டேஜை அளந்து பாருங்கள். 6.3 இருக்க வேண்டும். 5.7-க்குக் கீழேயோ 6.9-க்கு மேலேயோ போனால் ஸ்டெப்-டவுனை மாற்றுங்கள். நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், 230 வோல்ட் பிரைமரியோடு புதிய பவர் டிரான்ஸ்பார்மர் சுற்றித் தரச் சொல்லலாம். செகண்டரி 360-0-360, பயாஸுக்கு (வால்வு இழுக்கும் கரண்டைக் கட்டுப்படுத்தும் மைனஸ் வோல்டேஜ்) ஒரு டேப், 5 வோல்ட் ஒன்று, 6.3 வோல்ட் இரண்டு. பழையதைக் கழற்றிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், தூக்கிப் போடாதீர்கள்.

பழைய கார்டு இரண்டு வயர். எர்த் கிடையாது. அதை எடுத்துவிட்டு மூன்று வயர் கார்டு போட்டு, பச்சை வயரைச் சேசிஸில், அதாவது ஆம்பின் உலோக உடலில், பெயின்ட் சுரண்டிய இடத்தில் தனி போல்ட்டில் இறுக்குங்கள். டிரான்ஸ்பார்மரை நிறுத்தும் போல்ட்டிலேயே மாட்டுவது பலர் செய்வது, ஆனால் நாளாக ஆக அது தளரும். ஸ்டெப்-டவுனிலும் எர்த் பின் உள்ளே தொடர்ந்து போகிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். பல பெட்டிகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், எர்த் வயர் மட்டும் இருக்காது.

உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கிறது. சுவிட்சை அணைத்த பிறகும் கண்டன்சரில் நிற்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றுக்கு இரு பக்கமும் இன்சுலேட் செய்த வயர் வைத்து, கண்டன்சர் முனைக்கும் சேசிஸுக்கும் இடையே சில நொடி பிடித்து இறக்குங்கள். பிறகு மீட்டர் வைத்துப் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்து இறக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இனி மாற்ற வேண்டியவை. இவை எதுவும் ரசனை சம்பந்தப்பட்டதல்ல, கட்டாயம்.

முதலில் செலினியம் ரெக்டிபையர். பயாஸ் சப்ளைக்கு இருப்பது, அடுக்கு அடுக்காகத் தகடு வைத்த சிறிய பாகம். வயதானால் இதன் வோல்டேஜ் மெல்லக் குறையும். பயாஸ் குறைந்தால் நான்கு இஎல்34-உம் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்து, பிளேட் சிவந்து, பவர் டிரான்ஸ்பார்மரையும் கூட்டிக்கொண்டு போகும். ஐந்து ரூபாய் 1என்4007 டையோடு போதும். ஆனால் டையோடில் வோல்டேஜ் இழப்பு குறைவு என்பதால் மைனஸ் வோல்டேஜ் பழையதைவிட அதிகமாக வரும். பயாஸைக் கூட்டிக் குறைக்கும் பிரிசெட்டை (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) கடைசி வரை திருப்பியும் கரண்ட் ஏறவில்லை என்றால் பயாஸ் சப்ளையில் உள்ள தொடர் ரெசிஸ்டரைச் சற்றுக் கூட்ட வேண்டும். அந்த சப்ளையில் இருக்கும் 50 மைக்ரோஃபாரட் கண்டன்சர் இரண்டையும் கூடவே மாற்றுங்கள், 100 மைக்ரோஃபாரட் 100 வோல்ட் போதும். இது மைனஸ் சப்ளை, எனவே கண்டன்சரின் பிளஸ் முனைதான் எர்த்துக்குப் போகும். பழக்கதோஷத்தில் மைனஸை எர்த்தில் வைத்து, பத்து நிமிடத்தில் அது வெடித்து, கூடவே ஒரு செட் வால்வும் போவது இந்த ஆம்பில் அடிக்கடி நடக்கும் விபத்து.

அடுத்து, சேசிஸ் மேல் நிற்கும் அலுமினிய டப்பா. ஒரே டப்பாவுக்குள் 30, 20, 20, 20 மைக்ரோஃபாரட் என நான்கு கண்டன்சர். அறுபது வருடமானதை ‘மெல்ல மெல்ல வோல்டேஜ் ஏற்றி உயிர்ப்பிக்கலாம்’ என்பார்கள். கேட்காதீர்கள். புதிதாகவே அதே உருவத்தில் கிடைக்கிறது. இல்லாவிட்டால் சேசிஸுக்குக் கீழே தனித்தனி கண்டன்சர்களைப் பொருத்தலாம், 500 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. இங்கே ஓர் எல்லை இருக்கிறது: ரெக்டிபையருக்கு அடுத்து வரும் முதல் கண்டன்சர் 60 மைக்ரோஃபாரட்டைத் தாண்டக் கூடாது, அது ஜீஇசட்34-இன் தாங்குதிறன். பேஸ் நன்றாக வரட்டும் என்று அங்கே 200 போட்டால், ஆன் செய்யும் நொடியில் வால்வுக்குள் பொறி பறக்கும். சோக்குக்கு (சப்ளையில் மிஞ்சும் ஏசியைத் தடுக்கும் கம்பிச்சுருள்) அடுத்த இடத்தில் 80 அல்லது 100 போடுங்கள். பேஸ் இறுகுவது அங்கேதான்.

பிறகு, 7199-இலிருந்து இஎல்34-க்குச் சிக்னலை மட்டும் விட்டு டிசியைத் தடுக்கும் 0.1 மைக்ரோஃபாரட் கப்ளிங் கண்டன்சர் நான்கு. இவை லேசாகக் கசிந்தாலும் 7199 பக்கத்து பிளஸ் வோல்டேஜ் இஎல்34-இன் கிரிட்டுக்கு (சிக்னலும் பயாஸும் வந்து சேரும் முனை) வந்து பயாஸைத் தின்றுவிடும். 630 வோல்ட் பாலிபுரோப்பிலீன் போடுங்கள். எந்தக் கம்பெனி என்று கேட்டிருந்தீர்கள். நல்ல பெயருள்ள தொழிற்சாலை ரகம் போதும். ஒன்று ஐயாயிரம் ரூபாய்க்கு விற்கும் எண்ணெய்க் கண்டன்சர், இந்தச் சேசிஸுக்குள் இடம் பிடிக்காமல் நீட்டிக்கொண்டு வால்வுச் சூட்டில் வெந்துகொண்டிருக்கும். அவ்வளவுதான் அதன் பலன்.

7199 உட்காரும் டிரைவர் போர்டு பழுப்பு நிற பினாலிக் பலகை. 7199-ஐச் சுற்றிக் கறுத்திருந்தால் கரியே கரண்ட் கடத்தும். அப்போது பாகம் மாற்றிப் பயனில்லை, போர்டையே புதிதாகப் போடுங்கள். நன்றாக இருந்தால் ரெசிஸ்டர்களை மட்டும் அளந்து பாருங்கள். பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் சூட்டில் மதிப்பு ஏறும். முக்கியமாக, சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஃபேஸ் ஸ்பிளிட்டரில், கரண்ட் உள்ளே வரும் பிளேட் முனைக்கு ஒன்றும் வெளியேறும் கேதோடு முனைக்கு ஒன்றுமாக இரண்டு 47 கிலோ ஓம் இருக்கும். மேல்பாதி அலையும் கீழ்ப்பாதி அலையும் சமமாகப் பிரிவது இந்த இரண்டும் ஒன்றாக இருப்பதைப் பொறுத்தது. 47 என்பது துல்லியமாக 47 ஆக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டும் ஒன்றுக்கொன்று ஒரு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீட்டரில் பார்த்து ஜோடி சேருங்கள்.

7199 இப்போது அரிது, விலையும் அதிகம். 6ஜீஎச்8ஏ அதே வேலையைச் செய்யும். ஆனால் பின் வரிசை வேறு, நேராகச் சொருகக் கூடாது. அடாப்டர் சாக்கெட் வேண்டும், அல்லது அதற்கென்றே வரும் டிரைவர் போர்டு.

இப்போது முதல் முறை ஆன் செய்வது. எலக்ட்ரீசியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டு ஒன்று தேவை, அதாவது ஆம்புக்குப் போகும் கரண்ட் ஒரு பல்பு வழியாகவே போகும் போர்டு, அதில் 60 வாட் குண்டு பல்பு. எல்இடி பல்பு உதவாது. எல்லா வால்வையும் கழற்றிவிட்டு, சீரிஸில் கொடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்க வேண்டும். பளீரென்று நின்றால் எங்கோ ஷார்ட், உடனே நிறுத்துங்கள். மங்கினால் சீரிஸை எடுத்து நேராகக் கொடுத்து, வால்வு எதுவும் இல்லாமலேயே நான்கு இஎல்34 சாக்கெட்டிலும் 5-ஆம் நம்பர் பின்னில் டிசி அளவுங்கள். மைனஸ் வோல்டேஜ் வர வேண்டும், பிரிசெட்டைத் திருப்பினால் மாற வேண்டும். இரண்டு பக்கமும் அதிகபட்ச மைனஸில் நிறுத்துங்கள். நான்கில் ஒரு சாக்கெட்டில் வரவில்லை என்றாலும் வால்வு போடக் கூடாது.

வந்துவிட்டது என்றால் அணைத்து, வால்வுகளைப் போட்டு, ஸ்பீக்கர் முனைகளில் 8 ஓம் 50 வாட் ரெசிஸ்டர் மாட்டுங்கள். நல்ல ஸ்பீக்கரை முதல் ஓட்டத்துக்குப் பணயம் வைக்க வேண்டாம். ஒன்றுமே மாட்டாமல் ஓடவிடவும் கூடாது. லோடு இல்லாத அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜ் எகிறிச் சுருளுக்குள்ளேயே பொறி தட்டும். அந்த ஏ-470 அவுட்புட் டிரான்ஸ்பார்மர்கள்தான் இந்த ஆம்பின் உயிர், மற்றதெல்லாம் கடையில் கிடைக்கும்.

ஆன் செய்து அறை விளக்கை அணைத்துவிட்டு வால்வுகளைக் கவனியுங்கள். நடுவில் ஹீட்டர் ஆரஞ்சாக எரிவது சரி. கண்ணாடியின் உட்பக்கம் நீலச் சாயல் படிந்தாலும் பயமில்லை. சாம்பல் நிறத் தகடு, அதுதான் பிளேட், அதன் நடுவில் குங்குமப் பொட்டு வைத்தாற்போல ஒரு சிவப்பு தோன்றிப் பரவினால் பத்து நொடிக்குள் அணைத்துவிடுங்கள். ஆறிய பிறகு அந்த வால்வைப் பக்கத்துச் சாக்கெட்டுக்கு மாற்றிப் பாருங்கள். சிவப்பு வால்வோடு கூடவே போனால் வால்வு கெட்டது. அதே சாக்கெட்டிலேயே நின்றால் கப்ளிங் கண்டன்சர், 270 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டர், அல்லது சாக்கெட்டில் 5-ஆம் பின்னின் பிடி தளர்ந்திருக்கும். பல்குத்தும் ஊசி போன்ற ஒன்றால் அந்தப் பிடியை நெருக்கிவிட்டாலே சரியாகிவிடும் கேஸ்கள் நிறைய. அப்போது ஆம்ப் அணைந்து, கண்டன்சர் இறங்கியிருக்க வேண்டும் என்பதை மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

பயாஸ். டைனகோ மேனுவல் ஒவ்வொரு சேனலுக்கும் 1.56 வோல்ட் வைக்கச் சொல்கிறது. இரண்டு வால்வின் கேதோடு கரண்டும் சேர்ந்து 15.6 ஓம் ரெசிஸ்டர் வழியாகப் போகிறது, எனவே 1.56 என்றால் 100 மில்லி ஆம்பியர், தலைக்கு 50. பிளேட்டில் சுமார் 415 வோல்ட் என்று வைத்தால் ஒவ்வொரு வால்வும் கிட்டத்தட்ட 20 வாட் சூட்டைத் தாங்குகிறது, இஎல்34-இன் எல்லை 25. அன்றைய வால்வுகளுக்கு அது சரி. இன்றைக்குச் செய்யும் வால்வுகளுக்கும், இந்தப் பவர் டிரான்ஸ்பார்மருக்கும், சித்திரை மாதச் சென்னைக்கும் அது கொஞ்சம் அதிகம். 1.25 வோல்ட்டில் நிறுத்துங்கள், தலைக்கு 40 மில்லி ஆம்பியர். காதுக்கு வித்தியாசம் சொல்வது கஷ்டம், வால்வு ஆயுளில் நன்றாகவே தெரியும். அரை மணி நேரம் ஓடிய பிறகு பாருங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

இந்த முறையில் ஒரு ஓட்டை உண்டு. மீட்டர் 1.25 காட்டும், உள்ளே ஒரு வால்வு 52-உம் மற்றது 28-உமாக ஓடிக்கொண்டிருக்கலாம். கூட்டுத்தொகை 80-தானே. ஒன்று வெந்து சாகும், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கோரில் சமன் கெட்டு பேஸ் கலங்கும், ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் ஹம், அதாவது ஓயாத உறுமல், கேட்கும். அதனால் இந்த ஆம்பில் செய்யத் தகுந்த உண்மையான மேம்பாடு எது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன்: 15.6 ஓமை எடுத்துவிட்டு ஒவ்வொரு இஎல்34-க்கும் தனித்தனி 10 ஓம், ஒரு சதவீத ரெசிஸ்டர். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பயாஸ் பிரிசெட். 0.4 வோல்ட் என்றால் 40 மில்லி ஆம்பியர், கணக்கும் சுலபம். பிரிசெட்டின் நடு முனைக்கும் மைனஸ் முனைக்கும் இடையே ஒரு 100 கிலோ ஓம் போட்டுவையுங்கள். தூசியில் பிரிசெட்டின் தொடர்பு அறுந்தாலும் கிரிட் முழு மைனஸுக்குப் போகும், வால்வு பிழைக்கும். நான்கு பிரிசெட், எட்டு ரெசிஸ்டர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இதைச் செய்தால் கொள்ளை விலைக்கு ‘மேட்ச்டு குவாட்’, அதாவது ஒரே அளவு கரண்ட் இழுப்பதாகத் தேர்ந்தெடுத்த நான்கு வால்வு, வாங்கும் கட்டாயமும் போய்விடும்.

ஜீஇசட்34-க்கும் ஒரு காப்பு உண்டு. இன்றைய தயாரிப்புகள் சில, ஆன் செய்யும்போது உள்ளே ஆர்க் அடிக்கின்றன. சாக்கெட்டில் 4, 6 ஆகிய பிளேட் பின்களுக்கு வரும் வயர் ஒவ்வொன்றிலும் தொடராக இரண்டிரண்டு 1என்4007 போடுங்கள், கோடு உள்ள முனை வால்வைப் பார்த்து. வால்வு ஷார்ட் ஆனாலும் ஏசி கண்டன்சர் பக்கம் வராது. வால்வையே எடுத்துவிட்டு டையோடு பிளக் போடும் யோசனை வேண்டாம். ஹீட்டர் சூடேறும் முன்பே முழு வோல்டேஜும் எகிறிப் பாயும், அதை இந்தக் கண்டன்சர்கள் எதிர்பார்க்கவில்லை.

கேடி88. சொருகினால் உட்காரும், பாடவும் செய்யும். ஆனால் வாட் எங்கிருந்து வரும்? சப்ளை வோல்டேஜும் ஏ-470 அவுட்புட் டிரான்ஸ்பார்மர் வால்வுகளுக்குக் காட்டும் 4300 ஓம் லோடும் மாறாதபோது வால்வை மட்டும் பெரிதாக்கினால் அவுட்புட் ஏறக்குறைய அதேதான். ஹீட்டர் மட்டும் தலைக்கு 0.1 ஆம்பியர் கூடுதலாக இழுக்கும், கிரிட் ரெசிஸ்டரும் 270 கிலோ ஓமைவிடக் குறைவாக வேண்டும். அப்படியே சப்ளையையும் மாற்றி 60 வாட் ஆக்கினாலும் 35-லிருந்து கூடுவது 2.3 டெசிபல். 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 35 வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 102 டெசிபல் வரும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அதற்கு மேல் போனால் பக்கத்து வீட்டுக்காரர்தான் முதலில் வருவார்.

ஸ்பீக்கரை எந்த முனையில் மாட்டுவது? 8 ஓம் என்று அட்டையில் இருந்தாலும் இடையில் 4 ஓம் வரை இறங்கும் ஸ்பீக்கர்கள் நிறைய. 8-இல் ஒரு நாள், 4-இல் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். 4-இல் சத்தம் சற்றுக் குறையும், மிருதங்கத்தின் தொப்பி இறுக்கமாக விழும். எது பிடிக்கிறதோ அது. அணைத்த பிறகு மாற்றுங்கள்.

எஸ்டி-70 பவர் ஆம்ப் மட்டும், வால்யூம் கிடையாது. முழு அவுட்புட்டுக்கு 1.3 வோல்ட் போதும், சிடி பிளேயரோ டிஏசியோ (டிஜிட்டல் பாட்டை ஒலிச் சிக்னலாக்கும் பெட்டி) 2 வோல்ட் தரும். ஆகவே ப்ரீஆம்ப் தேடி அலைய வேண்டாம். சின்னப் பெட்டிக்குள் வால்யூமுக்கு 20 கிலோ ஓம் இரட்டை லாக் பாட் (இரண்டு சேனலையும் ஒன்றாகத் திருப்பும் குமிழ்) ஒன்று, கேபிள் ஒரு மீட்டருக்குள். ரெக்கார்டு பிளேயர் இருந்தால் மட்டும் ஃபோனோ ஸ்டேஜ் தேவைப்படும்.

கடைசியாக ஹம். இன்புட் இரண்டையும் ஷார்ட் செய்த ஆர்சிஏ பிளக்கால் மூடுங்கள். ஹம் போய்விட்டால் தவறு வெளியே, பெரும்பாலும் லேப்டாப் சார்ஜரோ கேபிள் டிவி பெட்டியோ எர்த் வழியாகச் சுற்றுகிறது. சிக்னல் கேபிளை ஒவ்வொன்றாகக் கழற்றினால் எது என்று பிடிபடும். அதற்காக ஆம்பின் எர்த் பின்னை வெட்டாதீர்கள். மூடியும் ஹம் நின்றால் சத்தத்தைக் கேட்டே பிரிக்கலாம். தடித்த, கரகரவென்ற 100 ஹெர்ட்ஸ் என்றால் ஃபில்டர் கண்டன்சர் அல்லது சமமில்லாத இஎல்34 ஜோடி. மெல்லிய, ஆழமான 50 ஹெர்ட்ஸ் என்றால் ஹீட்டர் வயர் கிரிட் வயரோடு ஒட்டிப் போகிறது. ஹீட்டர் வயர்களை முறுக்கி, சேசிஸின் மூலையோடு ஒட்டவைத்தால் போய்விடும். ஆன் செய்ததும் ஊளையிட்டால் மட்டும் அது ஹம் அல்ல. யாரோ அவுட்புட் டிரான்ஸ்பார்மர் வயரை மாற்றிச் சால்டர் வைத்திருக்கிறார்கள், அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்குத் திரும்பும் ஃபீட்பேக் சிக்னல் தலைகீழாகப் போகிறது. அந்தச் சேனலின் இரண்டு பிளேட் வயர்களையும் இடம் மாற்றுங்கள். அதே டிரான்ஸ்பார்மர் சுருளின் இடை முனைகளிலிருந்து வரும் அல்ட்ரா லீனியர் வயர்கள் இரண்டையும் அதனதன் பிளேட்டோடு சேர்த்தே மாற்ற வேண்டும்.